கிளெம் டவுஸ் அங்கே இல்லாத கோடை

கிளெம் டவுஸ் எங்கள் குழுவில் சேர்ந்தபோது ஒரு பொய்யையும் கையோடு கொண்டுவந்தார். அது பொய் என்று எங்களுக்குத் தெரியவர ஏழு வருஷம் பிடித்தது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கிரிம்ஸ்பி மார்க்கெட் கட்டடத்துக்குள் சாவி வெட்டித் தருகிற, ஷூவுக்குக் குதி மாற்றித் தருகிற சின்னக் கடை அவருடையது. குட்டையான மனிதர். இடது கால் வலதைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. இடது ஷூவுக்கு அடியில் அவரே தோல் அடுக்கிக்கொள்வார்; அப்படியும் நடையில் ஒரு சாய்வு தெரியும். ஊரில் பாதிப் பேரின் வீட்டுச் சாவி அவர் கையால் வெட்டியது. யாராவது புகழ்ந்தால், "முதல்ல வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திற கண்ணு, அப்புறம் பேசு" என்பார்.

இரண்டாயிரத்து நான்கில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். லீட் கிதார் ஜனீன் ஆஸ்க்யூ. பல் டாக்டரிடம் உதவியாளர், இருபத்தெட்டு வயது. டிரம்ஸ் டாரல், குழாய் வேலை செய்கிறவன், மூக்குக்கு மேல் கோபம். ரிதம் கிதார் நான், நெவில், தபால்காரன்.

அறுபது, அறுபத்தொன்றில் இந்த நாட்டுப் பையன்கள் நான்கு நான்கு பேராக நின்று, பாட்டுக்காரனே இல்லாமல் கிதாரை மட்டும் பேசவிட்ட இசை ஒன்று உண்டு. இரண்டு மூன்று வருஷம் நாட்டையே ஆட்டிவைத்தது. பாடுகிற குழுக்கள் வந்ததும் ஒரே குளிர்காலத்தில் கேட்பாரற்றுப் போனது. அதைத் திரும்ப எடுத்து வாசிக்கிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம், தொழிலாளர் கிளப்பில், இறைச்சியைப் பரிசாகத் தரும் குலுக்கலுக்கும் பிங்கோ எண் விளையாட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். டைட்மார்க்ஸ் என்று பெயர் வைத்து, ஒரே மாதிரி நீலக் கோட்டு நான்கு வாங்கிவிட்டோம். நான்காவது கோட்டுக்கு ஆள் இல்லை. இசைக்கருவிக் கடைக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நாங்கள் பயிற்சி செய்யும் சாரணர் கொட்டகைக்குக் கிளெம் வந்தார். கையில் பழைய பாஸ் கிதார், பெட்டி இல்லாமல் போர்வையில் சுற்றியிருந்தது.

"எங்கெல்லாம் வாசிச்சிருக்கீங்க?" என்று ஜனீன் கேட்டாள்.

அவர் ஒரு நிமிஷம் போர்வையைப் பிரிப்பதிலேயே இருந்தார். பிறகு சொன்னார்: "அறுபத்தொண்ணு கோடையில, கிளீதோர்ப்ஸ் பியர்ல. கோபால்ட்ஸோட."

பியர் என்பது பக்கத்து ஊரில் கடலுக்குள் நீண்டு நிற்கும் பாலம்; கோடையில் அதன்மேல் கச்சேரி நடக்கும். டாரல் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். எங்கள் கரையில் கோபால்ட்ஸ் என்றால் அப்படி. இரண்டே இரண்டு இசைத்தட்டு போட்டவர்கள். அதில் ஒன்று கிடைத்தால் இன்றைக்கும் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். அவர்களுடைய பாஸ்காரர் மாரிஸ் தாரட் ட்ராலர் மீன்பிடிக் கப்பலிலும் வேலை பார்த்தவர். அறுபத்து மூன்றில் ஐஸ்லாந்துக்கு அப்பால் ஒரு புயலில் கப்பலோடு போனார்.

"மாரிஸ் கடலுக்குப் போனப்போ அவனுக்குப் பதிலா நான் நின்னேன். ஆறு வாரம்தான்" என்றார் கிளெம்.

"காலு?" என்றான் டாரல். அவனுக்கு நாசூக்கு என்பதே கிடையாது.

"அறுபத்திரண்டு ஜனவரி. கச்சேரி முடிஞ்சு பைக்ல வந்துக்கிட்டிருந்தேன். லௌத் ரோட்ல ஐஸ்."

அதற்குப் பிறகு வாசித்தார். விரல் வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஒவ்வொரு சுரமும் விழ வேண்டிய இடத்தில், தரையில் காலூன்றியதுபோல் விழுந்தது. அதுவரை நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக வாசித்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஜனீன் நான்காவது கோட்டை எடுத்து நீட்டினாள். கை நீளமாக இருந்தது. "ஆவிஸ் மடிச்சுத் தைச்சுடுவா" என்றார். ஆவிஸ் அவர் மனைவி.

பொய் சொல்கிறவன் நிறையப் பேசுவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிளெம் கேட்டால் மட்டும் பேசுவார். அதுவும் இரண்டு வரி. அதனால்தான் நாங்கள் நம்பினோம். இந்த இசைக்கென்றே ஒரு நடை உண்டு. கிதார்காரர்கள் ஒரே நேரத்தில் முன்னால் ஓர் அடி, பக்கத்தில் ஓர் அடி என்று வைத்து ஆடுவார்கள். கிளெம் கால் காரணமாக அசையாமல் நிற்பார். நானும் ஜனீனும் ஆடுவோம். முதலில் எந்தக் கால் என்று எங்களுக்குள் தகராறு. கடைசியில் அவரிடமே கேட்டோம்.

"வலது" என்றார். ஏழு வருஷம் வலது காலில் தொடங்கினோம்.

இரண்டாயிரத்துப் பதினொன்று அக்டோபரில் கிளீதோர்ப்ஸில் ஒரு பெரிய கூடுகை. வடக்கிலிருந்தெல்லாம் ஒன்பது குழுக்கள் வந்திருந்தன. அழைப்புத் தாளில் எங்கள் பெயருக்குக் கீழே, "கிளெம் டவுஸ், முன்னாள் கோபால்ட்ஸ், 1961" என்று தடித்த எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். கிளெம் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு?" என்றார். அடக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மதியம் மூன்று மணிக்கு வாசித்து முடித்தோம். நன்றாகவே வாசித்தோம். பக்கத்து அறையில் தேநீரும் பன்றிக்கறி வைத்த பேஸ்ட்ரியும் வைத்திருந்தார்கள். ஆவிஸ் எல்லாருக்கும் கோப்பை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு வயதானவரைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள்.

"கிளெம் டவுஸ் யாருங்க? நான் ஹிலரி. இவர் எங்கப்பா, வெர்னன் ஸ்லெயிட். கோபால்ட்ஸ்ல டிரம்ஸ் வாசிச்சவர். பேப்பர்ல உங்க பேரைப் பார்த்தேன், கூட்டிட்டு வந்தேன்."

கிளெம் முகம் சுண்ணாம்பாய்ப் போனது. அதை நான் பார்த்தேன். திடீரென்று பழைய நண்பரைப் பார்த்த அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

வெர்னன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். இப்போது யோசித்தால், 'நீ யார்?' என்ற ஒரு கேள்விக்காகக் கிளெம் ஏழு வருஷமாகக் காத்திருந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அந்தக் கேள்வி வரவில்லை.

"அடப்பாவி!" என்றார் வெர்னன். "நீயா! எங்கடா போய்த் தொலைஞ்சே இத்தனை வருஷமா?"

சொல்லிவிட்டுக் கிளெமைக் கட்டிக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். டாரலின் கண்கூட நனைந்திருந்தது. பிறகு கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான்.

வெர்னன் நிறுத்தாமல் பேசினார். "ஞாபகமிருக்கா, பியர் அடியில நீ என்னைச் சிகரெட் குடிக்கக் கூட்டிட்டுப் போனே, அலை வந்து ரெண்டு பேர் ஷூவும் போச்சு! வெறுங்காலோட வாசிச்சோம்! மானேஜர் திட்டினான்! எங்கம்மா செத்த அன்னைக்கு ராத்திரி பூரா நீதான்டா என் கூட உக்காந்திருந்தே. ஒரு வார்த்தை பேசல நீ. அதை நான் மறக்கவே இல்ல."

ஹிலரி தயக்கமாக, "அப்பா, அது மாரிஸ் மாமா இல்ல?" என்றாள்.

"மாரிஸ் இல்ல, இவன்தான்! எனக்குத் தெரியாதா?" என்று அவர் சீறினார். "அந்தப் படத்தை எடு."

ஹிலரி பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தாள். பளபளக்கும் கோட்டில் நான்கு இளைஞர்கள், பின்னால் கடல். வெர்னன் கடைசியில் நின்ற உயரமான பையன் முகத்தில் விரலை வைத்தார். "இதோ நீ. எவ்வளவு அழகா இருந்திருக்கே பாரு!"

கிளெம் படத்தைக் கையில் வாங்கினார். அந்தப் பையன் நல்ல உயரம். காற்றில் முடி நெற்றியில் விழுந்திருந்தது. அறை முழுக்கச் சிரித்தபடி காத்திருந்தது. அவர் 'ஆமாம்' என்று தலையை அசைத்திருந்தால் போதும். சாட்சியே வந்து சத்தியம் செய்துவிட்ட பொய் அது; சாகும்வரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

"இது நான் இல்லீங்க" என்றார். "இது மாரிஸ் தாரட். உங்க பக்கத்துல உக்காந்திருந்தது அவர்தான். நான் உங்களோட ஒரு நாள்கூட வாசிச்சதில்ல. உங்களை இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கிறேன்."

வெர்னன் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார்போலும். ஹிலரிக்குப் புரிந்துவிட்டது. அவள் படத்தை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அப்போ அந்தக் கோடையில நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள் ஜனீன். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கிளெம் ஆவிஸைப் பார்த்துப் பதில் சொன்னார். "ஆஸ்பத்திரியில. இடுப்பு மூட்டுல காசநோய். பதினாலு வயசுல படுத்தேன், பதினேழுல எழுந்தேன். நெஞ்சுலேர்ந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. பைக்கும் இல்ல, ஐஸும் இல்ல, ஆவிஸ்."

ஆவிஸ் கையிலிருந்த தேநீர்ப் பானையை மேசைமேல் வைத்தாள். நாற்பத்தொரு வருஷம் அவரோடு வாழ்ந்தவள். அவளுக்கும் லௌத் ரோடும் பனியும்தான் தெரியும்.

வேனில் திரும்பினோம். கிளெம் வீட்டு வாசலில் ஆவிஸ் முதலில் இறங்கி, கதவைத் திறந்து, சாத்திக்கொண்டாள். கிளெம் கோட்டைக் கழற்றி இருக்கையில் மடித்து வைத்துவிட்டு இறங்கினார்.

வேன் தெருமுனை திரும்பும் முன்பே டாரல் வெடித்தான். "ஏழு வருஷம்! ஊர்ல ஒவ்வொருத்தன்கிட்டயும் நான் பெருமை பேசியிருக்கேன். பியர்ல வாசிச்ச ஆளு எங்க குழுவுல இருக்கார்னு! இப்ப கிளப்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"உனக்கு இருக்கிறது ஒரே மூஞ்சிதானே, அதை வச்சுக்கிட்டே போ" என்றாள் ஜனீன்.

கிளப்பில் சும்மா விடவில்லைதான். பிங்கோ எண் கூப்பிடுகிறவன், "அறுபத்தொண்ணு... நான் அங்கே இல்லீங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்துவான், மொத்தக் கூட்டமும் சிரிக்கும். கிளெம் வரவில்லை. தற்காலிகமாக ஒரு பையனை வைத்து வாசித்தோம். நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் எங்களைவிட அரை நொடி முன்னால் ஓடுவான், பஸ்ஸைப் பிடிக்கப்போகிறவன்போல.

நவம்பரில் ஒருநாள் அவர்கள் தெருவில் தபால் போடும்போது ஆவிஸ் கதவைத் திறந்து, "உள்ள வா நெவில், டீ குடிச்சிட்டுப் போ" என்றாள். கிளெம் கடையில் இருந்தார். மிச்சக் கதையை அவள்தான் சொன்னாள். ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடமிருந்து வாங்கியிருந்தாள்.

மோட்டார் பைக் கதை கிளெம் கட்டியதில்லை. அவர் அம்மா கட்டியது. காசநோய் என்றால் அந்தக் காலத்தில் யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள், கோப்பையைக்கூடத் தனியாக வைப்பார்கள். பையன் கடற்படைப் பயிற்சிக்குப் போயிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தாள். திரும்பி வந்தவன் நொண்டினான். அதற்கு விபத்து என்றாள். "யாராவது கேட்டா ஐஸ்ல வழுக்குனேன்னு சொல்லு. நோய்னு சொன்னா எவ உன்னைக் கட்டுவா?" பதினேழு வயதில் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது அது.

பியர் கதை மட்டும் அவருடையது. அவர் படுத்திருந்த வார்டில் ஒரு நர்ஸ், சனிக்கிழமைகளில் தன் ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்து அவர் கட்டிலின் கால்மாட்டில், இரும்புச் சட்டத்தின் மேல் பலகை போட்டு வைப்பாளாம். மற்றப் பையன்கள் காதால் கேட்டார்கள். கிளெமுக்கு லீட் கிதார் காதில் விழும். பாஸ் மட்டும் கட்டில் இரும்பு வழியாக மாவுக்கட்டுக்குள் வந்து எலும்பில் இறங்கும். அசையாத உடம்பில் அது ஒன்றுதான் அசைந்தது. கட்டில் விளிம்பில் விரல் வைத்து அவர் கூடவே வாசிக்கத் தொடங்கினார். வருகிற ஒவ்வொரு இசைத்தட்டும் மனப்பாடம். எழுந்து, நடக்கப் பழகி, கடையில் வேலைக்குச் சேர்ந்து, காசு சேர்த்து ஒரு பாஸ் வாங்கியபோது அறுபத்து நான்கு. அந்த இசையை யாரும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் பின்னறையில் தனியாக வாசித்தார்.

"உங்க சீட்டைப் பாத்துட்டு வந்தவருக்கு, எங்க வாசிச்சீங்கன்னு கேட்டதும் பின்னறைன்னு சொல்ல வாய் வரலை" என்றாள் ஆவிஸ்.

"கோபமா உங்களுக்கு?"

அவள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். "பைக்ல போன பையனை நான் ஒண்ணும் பெருசா நினைச்சதில்ல நெவில். முட்டாள்தனமா வேகமாப் போயிருப்பான்னுதான் தோணும். மாவுக்கட்டுல கிடந்த அந்தப் பையனை எனக்குப் பிடிச்சிருக்கும். அவனை நாற்பது வருஷமா என் கண்ணுல காட்டலையே, அதுதான் கோபம்."

நான் அதைக் கிளெமிடம் சொல்லவில்லை. அவளே சொல்லியிருப்பாள்.

டிசம்பரில் ஜனீன் அவர் கடைக்குப் போனாள். கையில் அந்த நீலக் கோட்டு. ஒரு சாவியைக் கொடுத்து நகல் கேட்டாள். இயந்திரம் ஓடும்போது பேச்சைத் தொடங்கினாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். எந்தக் கால் முதல்லன்னு கேட்டப்போ வலதுன்னு சொன்னீங்களே, அது எப்படித் தெரியும்?"

"பத்திரிகையில ஒரு படம் பாத்தேன். அதுல வலது கால் முன்னால இருந்துச்சு."

ஜனீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும், "செவ்வாய்க்கிழமை வாங்க" என்றாள். "நீங்க வாசிச்சது பொய்யில்ல. அதை நான் முதுகுல உணர்ந்திருக்கேன்."

"டாரல்?"

"அவன் திட்டுவான். வாங்கிக்குங்க."

அவர் வந்தார். டாரல் திட்டினான். முழுசாகப் பத்து நிமிஷம், ஏழு வருஷத்துக்கும் சேர்த்து. கிளெம் போர்வைக்குள் பாஸை வைத்தபடியே நின்று கேட்டார். முடிந்ததும் டாரல் தொப்பென்று டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து, "அந்தப் பையன் ஓடற ஓட்டத்துல என் மணிக்கட்டே போச்சு" என்று முனகி, குச்சியால் நான்கு எண்ணினான். வாசிக்கத் தொடங்கினோம்.

அதற்கப்புறம் மேடையில் ஒவ்வொரு தடவையும் கிளெம் தானே ஒலிவாங்கியை வாங்கி, தாம் கோபால்ட்ஸில் வாசித்ததில்லை என்று சொல்லத் தொடங்கினார். மூன்றாவது தடவை ஜனீன் தடுத்துவிட்டாள். "ஜனங்க வாசிப்பைக் கேக்க வந்திருக்காங்க. பாவமன்னிப்பு கேக்கணும்னா சர்ச்சுக்குப் போங்க."

அவர் நிறுத்தாதது ஒன்று. மாதம் ஒரு தடவை வெர்னன் வீட்டுக்குப் போவார். முதல் தடவை மன்னிப்புக் கேட்கத்தான் போனார். மறதி முற்றிக்கொண்டிருந்த வெர்னனுக்கு எதற்கு மன்னிப்பு என்றே பிடிபடவில்லை. "மாரிஸ்! வாடா!" என்றார். கிளெம், "நான் கிளெம். மாரிஸ் இல்ல" என்றார். "சரி சரி" என்று வெர்னன் கதையைத் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். ஹிலரியே ஒருநாள், "விட்டுடுங்களேன், அவர் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

"அவர், தன் கூட ராத்திரி பூரா உக்காந்திருந்த நண்பனைப் பத்திப் பேசறார்மா. அந்த இடத்துல நான் உக்காரக் கூடாது" என்றாராம் கிளெம். "கேக்கறதுக்கு வேணா நான் இருக்கேன்."

அப்படியே கேட்டார். இரண்டு வருஷம், வெர்னன் இறக்கும்வரை. மாரிஸ் தாரட்டைப் பற்றி இன்றைக்குக் கிளெம் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. எங்கள் கூடுகையின் தாளில் மாரிஸைப் பற்றி அரைப்பக்கம் எழுதிக்கொடுத்தார். அலையில் ஷூ போனது, வெறுங்காலோடு வாசித்தது எல்லாம் அதில் இருந்தது. கீழே எழுதியவர் பெயர் போடவில்லை.

கடைசியாக ஆவிஸ் சொன்ன ஒரு விஷயம். போன வசந்தத்தில் அவள் கிளெமைக் காரில் ஏற்றி, அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்துக்கு ஓட்டிப்போனாள். கட்டடம் அப்படியே நிற்கிறது. உள்ளே குடியிருப்புகளாக மாற்றி விற்கிறார்கள். இவர்கள் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் கோப்போடு ஓர் இளம்பெண் வந்து, "வீடு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். கிளெம் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஆவிஸ், "ஆமா கண்ணு, ரெண்டாவது மாடி" என்றாள்.

மூன்று வீடுகள் காட்டினாள் அந்தப் பெண். கிளெம் எந்த அறையிலும் சுவரையோ ஜன்னலையோ பார்க்கவில்லை. உள்ளே போனதும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். மூன்று வருஷமும் அவர் பார்த்தது அது ஒன்றைத்தான். எல்லாவற்றிலும் புதுப் பலகை அடித்து, வெள்ளை பூசி, விளக்குப் பதித்திருந்தார்கள்.

"இதுவா?" என்று ஆவிஸ் காதோடு கேட்டாள்.

"தெரியலை" என்றார். "எதுவாவும் இருக்கலாம்."

அந்தப் பெண், சாருக்குக் கூரையில் ஏதாவது குறை தெரிகிறதா என்று கவலையோடு கேட்டாள். ஆவிஸ் அவர் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு, குளிர்காலத்தில் இந்த வீட்டைச் சூடாக வைக்க எவ்வளவு ஆகும் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.